சம்பளம் பாதி, தவணை மட்டும் முழுசா?

கடன் கொடுக்க வந்த நாளில் அவர்கள் எதைப் பார்த்தார்கள்? நம் முகத்தையா, குணத்தையா? நம் சம்பளத்தைப் பார்த்தார்கள். வீட்டில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், மாதம் என்ன வருகிறது, கோலிக்கு வாடகை எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்டுத்தான் தவணையை முடிவு செய்தார்கள். அப்படியானால் அந்தச் சம்பளம் பாதியாகிப் போன மாதத்தில் தவணையும் குறைய வேண்டும் அல்லவா? கொடுக்கும்போது நம் வருமானத்தைக் கணக்குப் பார்த்தவர்கள், வாங்கும்போது மட்டும் அந்தக் கணக்கை மறந்துவிடுவது என்ன நியாயம்?

தோழர்களே, தாய்மார்களே! தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை மூடுகிறது. நாக்காவில் காலை எட்டு மணி வரை நின்றும் கொத்து வேலைக்கு ஆள் எடுப்பவர் வருவதில்லை. வீட்டுவேலை பார்க்கும் தாய் காய்ச்சலில் பத்து நாள் படுத்தால் அந்த வீட்டில் வேறு ஆளை வைத்துவிடுகிறார்கள். இதில் எது நம் குற்றம்? நாம் சோம்பேறிகளா? குடித்து அழித்தோமா? வேலை போனது, வருமானம் போனது. ஆனால் வசூல்காரர் வாசலில் வந்து நிற்கும்போது நாம்தான் குற்றவாளிகள் போலத் தலைகுனிந்து நிற்கிறோம்.

அந்தத் தலைகுனிவுதான் அவர்களுடைய முதல் மூலதனம். அக்கம்பக்கத்துக் கோலிக்காரர் காதில் விழுந்துவிடுமே என்று அஞ்சுகிறோம். ஊரில் தெரிந்தால் மானம் போய்விடுமே என்று பதறுகிறோம். உடனே என்ன செய்கிறோம்? காதில் கிடந்ததை அடகுக் கடையில் வைக்கிறோம். இல்லையென்றால் இந்தத் தவணையைக் கட்ட இன்னொரு கடன் வாங்குகிறோம். அதைக் கட்ட மூன்றாவது. ஒரு கயிற்றை அவிழ்க்க இரண்டு கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறோம். கடைசியில் ஓர் இரவு சாமான்களை மூட்டை கட்டி நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஏறுகிறது குடும்பம். பிள்ளைகளின் படிப்பு நடு ஆண்டில் அறுந்து போகிறது. கடன் மட்டும் அறுவதில்லை. வட்டியோடு பின்னால் வருகிறது.

இதற்கு மாறாக ஒரு வழி இருக்கிறது. தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது. கெஞ்சிக் கேட்பதல்ல, கணக்கோடு கேட்பது.

"குறைத்தால் கம்பெனிக்கு நஷ்டம்" என்று வசூல்காரர் சொல்வார். அது பொய் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவோம். 60,000 ரூபாய் கடன். ஆண்டுக்கு 24 சதவீத வட்டி, குறையும் முதலுக்கு. 24 மாதத் தவணை. மாதம் ஏறத்தாழ 3,170 ரூபாய் கட்ட வேண்டும். எட்டு மாதம் ஒழுங்காகக் கட்டிய பிறகு வேலை போகிறது. அப்போது பாக்கி முதல் சுமார் 43,000. இந்தப் பாக்கியை அதே வட்டிக்கு 36 மாதமாக நீட்டினால் மாதத் தவணை சுமார் 1,690 ரூபாயாக இறங்கும். ஏறக்குறைய பாதி. நமக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. அவர்களுக்கு? பழைய கணக்கில் மீதி 16 மாதத்தில் அவர்கள் வாங்கியிருப்பது சுமார் 50,700. புதிய கணக்கில் 36 மாதத்தில் வாங்குவது சுமார் 60,800. பத்தாயிரம் ரூபாய் கூடுதல்! இதிலே நஷ்டம் எங்கே வந்தது? நாம் பிச்சை கேட்கவில்லை. அவர்களுக்கும் லாபம் தருகிற ஏற்பாட்டைத்தான் கேட்கிறோம்.

ஆனால் அந்தப் பத்தாயிரம் நம் வியர்வை. ஆகவே தவணையைக் குறைக்கச் சொல்லும்போதே வட்டியையும் குறைக்கச் சொல்லுங்கள், தாமதத்துக்குப் போட்ட அபராதத்தைத் தள்ளச் சொல்லுங்கள். வேலை திரும்பக் கிடைத்ததும் கூடுதலாகக் கட்டி முன்கூட்டியே முடிக்கப் பாருங்கள். குழுக்கடன் என்று நாம் சொல்கிற நுண்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது என்பது ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வகுத்த விதி.

யாரிடம் கேட்பது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வாசலில் நிற்பவர் வசூல் ஏஜென்சியின் ஆள். எவ்வளவு வசூலாகிறதோ அதைப் பொறுத்து அவருக்குக் கமிஷன். தவணையைக் குறைக்கும் அதிகாரம் அவர் கையில் இல்லை. அவரிடம் அழுது பயனில்லை. அவர் வாயால் சொல்லும் சலுகையை நம்பியும் பயனில்லை. கடன் கொடுத்த வங்கிக்கு அல்லது நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். முன்பு என்ன வருமானம், இன்று என்ன வருமானம், வீட்டின் அத்தியாவசியச் செலவு என்ன, வேறு எங்கெல்லாம் கடன் இருக்கிறது, மாதம் எவ்வளவு நம்மால் கட்ட முடியும் என்ற இந்த ஐந்தும் ஒரு பக்கத்துக்குள் வந்துவிடும். வங்கிப் புத்தக நகலை இணையுங்கள். கிளையில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

காலம் தாழ்த்தாதீர்கள். தவணை 90 நாளுக்கு மேல் நின்றுவிட்டால் அந்தக் கடனை வாராக்கடன் கணக்கில் எழுத வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு உண்டு. அதற்குமுன் நீங்கள் போனால் உங்கள் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். திருப்பிக் கட்டுவதில் சிரமப்படும் கடனாளிகளை அடையாளம் கண்டு, அவர்களோடு பேசி, என்ன வழி இருக்கிறது என்று சொல்லும் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்று நுண்கடன் நிறுவனங்களுக்கு அதே 2022 விதி கட்டளையிட்டது. எத்தனை நிறுவனம் வாசலுக்கு வந்து அதைச் சொன்னது? அடியாளை அனுப்பத் தெரிந்தவர்களுக்கு ஆலோசகரை அனுப்பத் தெரியவில்லையா?

கடன் அட்டையும் ஒப்பந்தமும் கடனாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்லின. நம் வீடுகளில் கிடக்கும் காகிதங்களைப் புரட்டிப் பாருங்கள். ஆங்கிலம், இல்லாவிட்டால் இந்தி. தமிழ்ப் பெண்ணிடம் கைநாட்டு வாங்க மட்டும் மொழி ஒரு தடையாக இருந்ததில்லை! இனி தமிழில் கேளுங்கள். படித்துக் காட்டாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மிரட்டலுக்கு வருவோம். "போலீஸ் வரும், ஜெயில்தான்" என்கிறார்கள். இல்லாமையினால் கடன் கட்ட முடியாதவனை, கெட்ட எண்ணம் இல்லாதபோது, சிறையில் தள்ளக் கூடாது என்று 1980-லேயே நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அமர்ந்த உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடியாட்களை ஏவி வசூலிக்கக் கூடாது, சட்டவழியில்தான் போக வேண்டும் என்று 2007-இல் அதே நீதிமன்றம் வங்கிகளை எச்சரித்தது. "வீட்டில் இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு போவோம்" என்கிறார்கள். வழக்குப் போட்டு வென்ற பிறகும், உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவி, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத அணி ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது என்று 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொல்கிறது. தாலியையும் சோற்றுப் பானையையும் தையல் எந்திரத்தையும் நீதிமன்றமே தொடக் கூடாது என்றால் வசூல்காரர் யார் தொடுவதற்கு?

2022 விதிகளின்படி நுண்கடனுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைத்துத் தொல்லை தரக் கூடாது. பேசி வைத்த இடத்தில்தான் வசூல். அந்த இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறை நாம் வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வரலாம். உறவினரை, நண்பரை, உடன் வேலை செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. பெயரை ஊரறிய வெளியிடக் கூடாது. மீறினால் நாள், நேரம், பேச்சு எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். முதலில் நிறுவனத்துக்குப் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மனுக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "கட்டாதே, என்ன செய்துவிடுவான் பார்ப்போம்" என்று மார்தட்டும் வாய்ச்சொல் வீரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஐயா, வழக்கு வரும் நாளில் நீங்களா வந்து நிற்பீர்கள்? கடன் கட்டாதது குற்றமல்ல என்பது மெய். ஆனால் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினாலும், வங்கிக் கணக்கில் தானாகத் தவணை பிடிக்கக் கொடுத்த உத்தரவு திரும்பினாலும், அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் அதில் இடமிருக்கிறது. ஆகவே வக்கீல் நோட்டீஸ் வந்தால் பரணில் போடாதீர்கள். பெற்ற நாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம். புதிய தவணை ஒத்துக்கொள்ளப்பட்டால் பழைய உத்தரவையும் மாற்றச் சொல்லுங்கள். முடிந்த தொகை சிறிதானாலும் கடன் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். ஏஜென்சி ஆளின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

"ஒரே தொகையாக இவ்வளவு கட்டு, முடித்துவிடலாம்" என்று ஏஜென்சியே பேரத்துக்கு வருவதும் உண்டு. நிறுவனத்தின் கடிதம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். பாக்கி இல்லை என்ற சான்றும் வாங்குங்கள். தள்ளுபடியில் முடித்த கடன் சிபில் பதிவில் 'செட்டில்டு' என்று நிற்கும். பிறகு வங்கிக் கடன் கிடைப்பது கடினம் என்பதையும் தெரிந்தே முடிவெடுங்கள். லோக் அதாலத்திலிருந்து அழைப்பு வந்தால் நடுங்க வேண்டாம். அது கைது ஆணையல்ல, பேரம் பேசும் இடம். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டு எழுதியதற்கு அப்பீல் கிடையாது. கட்ட முடியாத தொகைக்குத் தலையாட்டாதீர்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி கொடுக்க 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அந்த வாசலைத் தட்டுங்கள்.

குழுவில் இருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரையும் அவள் வாசலில் உட்கார வைக்கிறார்கள். நேற்றுவரை தண்ணீர்க் குழாயடியில் அக்கா, தங்கச்சி என்று பேசியவர்கள் இன்று ஒருத்தி முகத்தில் ஒருத்தி காறித் துப்புகிறார்கள். நம் விரலை எடுத்தே நம் கண்ணைக் குத்தும் தந்திரம் இது. இன்று அவள் வீட்டில் வேலை போயிற்று. நாளை யார் வீட்டிலோ! அவள் வாசலில் உட்காராதீர்கள். பத்துப் பேரும் சேர்ந்து கிளையின் வாசலுக்குப் போங்கள். ஒருத்தியின் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடுகிறவர்கள் பத்துக் கையெழுத்தைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள்.

அரசாங்கத்துக்கும் ரிசர்வ் வங்கிக்கும் நாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது; ஆனாலும் வங்கி ஒன்றும் இடிந்து விழவில்லை. நாடு முழுவதும் கதவடைத்தால் சலுகை உண்டு. ஒரு தொழிலாளியின் பட்டறை மட்டும் கதவடைத்தால் இல்லையா? பசி இரண்டு நாளும் ஒன்றுதானே!

குடும்ப வருமானத்தில் பாதிவரை தவணைக்குப் போகலாம் என்று 2022 விதி வைத்தது. மாதம் 24,000 வரும் வீட்டில் 12,000! மீதியில் வாடகை, அரிசி, ரயில் பாஸ், பள்ளிக்கூடம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் முடிய வேண்டுமாம். அந்த வரம்பும் கடன் கொடுக்கும் நாளின் வருமானத்துக்குத்தான். வருமானம் 9,000-ஆக விழுந்தால் வரம்பும் தானாக விழ வேண்டும் என்று எழுத ஏன் கை வரவில்லை? 2010-இல் ஆந்திரத்தில் உயிர்கள் போன பிறகு அவசரச் சட்டம் வந்தது. 2025 பிப்ரவரியில் கர்நாடகத்திலும் அவசரச் சட்டம் வந்தது. பிணம் விழுந்த பிறகுதான் பேனா எடுப்பீர்களா?

வேலையிழந்த வீட்டுக்குத் தவணை குறைப்பது நிறுவனத்தின் மனம்போலக் கிடைக்கும் தயவாக இருக்கக் கூடாது. அது கடனாளியின் உரிமை என்று சட்டத்தில் எழுதப்பட வேண்டும். குறைத்த காலத்துக்கு அபராதம் கூடாது. கடிதம் கொடுத்துப் பதில் வரும்வரை ஏஜென்சி ஆள் வாசலுக்கு வரக் கூடாது. இவை நம் கோரிக்கைகள்.

சீத்தா கேம்ப் முதல் பாண்டுப் வரை, தாராவி முதல் கல்யாண் வரை, தவணை நின்று தவிக்கும் குடும்பங்கள் மன்றத்துக்கு வரட்டும். கடன் அட்டை, வங்கிப் புத்தகம், வந்த நோட்டீஸ் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். கடிதம் எழுத நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்; கூட வர நாம் இருக்கிறோம். வாங்கிய கடனை மறுக்கும் கூட்டமல்ல நாம். உழைத்துக் கட்டுவோம். ஆனால் பிள்ளையின் சோற்றுத் தட்டை எடுத்து வைத்துவிட்டுக் கட்ட மாட்டோம்!