நுரையீரலுக்கு முதல் மருந்து: சம்பளத்துடன் லீவு



கொரோனாவால் முற்றாகப் பழுதடைந்த நுரையீரலை எடுத்துவிட்டு, இறந்துபோன ஒருவருடைய நுரையீரலைப் பொருத்தி ஆளைக் காப்பாற்றலாம் என்பதை 2020இல் உலகம் கண்டது. பெப்ரவரி கடைசியில் சீனாவின் வூசி நகரில், மே மாதம் வியன்னாவில், யூனில் சிக்காகோவில். ஓகஸ்டில் சென்னையின் தனியார் மருத்துவமனை ஒன்றும் செய்தபோது எங்கட குடும்ப வாட்ஸப் குழுவில் வேறு கதையே இல்லை. பெருமைப்பட வேண்டிய விசயம்தான். ரொறன்ரோக்காரருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பெருமைப்படலாம்: நீண்டகாலம் பலன் தந்த முதலாவது நுரையீரல் மாற்றுச் சிகிச்சை 1983இல் எங்கட ரொறன்ரோ ஜெனரல் மருத்துவமனையில்தான் நடந்தது.

ஆனால் அந்தச் செய்திக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதையும் நாங்கள் கேட்கவேணும். யாருடைய நுரையீரல் பழுதாகிறது? மாற்று நுரையீரல் யாருக்குக் கிடைக்கிறது? கிடைத்தவரை அதுக்குப் பிறகு யார் பாதுகாக்கினம்?

முதல் கேள்விக்கு எங்கட நகரத்திலேயே பதில் இருக்கிறது. 2020 மே நடுப்பகுதியிலிருந்து யூலை நடுப்பகுதிவரை ரொறன்ரோ பொதுச் சுகாதாரத் துறை எடுத்த கணக்கில், தொற்றியவர்களில் 83 வீதமானோர் வெள்ளையர் அல்லாதோர். நகரத்தின் சனத்தொகையில் அவர்கள் 52 வீதம்தான். வைரஸ் நிறம் பார்த்து வரவில்லை. வேலையைப் பார்த்து வந்தது. கிடங்கு, தொழிற்சாலை, முதியோர் இல்லம், டாக்சி என்று வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலைகளில் யார் நிற்கினம் எண்டு ஸ்காபரோவில் வளர்ந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. என்னுடைய சித்தி ஏஜென்சி மூலம் பொதி கட்டப் போறவா. "காய்ச்சல் எண்டு நிண்டா அடுத்த கிழமை ஷிப்ட் தரமாட்டாங்கள் பிள்ளை" என்பா.

2018 தொடக்கத்தில் ஒன்ராறியோத் தொழிலாளருக்கு வருடத்துக்கு 2 நாள் சம்பளத்துடன் லீவு கிடைத்தது. அதே ஆண்டு ஆட்சிக்கு வந்த டக் ஃபோர்ட் அரசு சட்டம் போட்டு அதைப் பறித்தது. பெருந்தொற்று வந்தபோது மாகாணச் சட்டத்தில் சம்பளத்துடன் ஒரு நாள்கூட இல்லை. மூன்றாவது அலையில் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் நிரம்பி வழிந்த பிறகு, 2021 ஏப்ரல் கடைசியில்தான் 3 நாள் தந்தார்கள். 2023 மார்ச் 31உடன் அதையும் முடித்துவிட்டார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. நுரையீரல் தானாகத் தேறாது என்று உறுதியாகும்வரை மருத்துவர்கள் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதுவரை நோயாளியைச் செயற்கைச் சுவாசத்திலோ, உடம்புக்கு வெளியே இரத்தத்துக்கு ஒட்சிசன் ஏற்றும் எக்மோ இயந்திரத்திலோ உயிரோடு வைத்திருக்கவேணும். மற்ற உறுப்புகள் நல்ல நிலையில் இருக்கவேணும். சிறுநீரகமும் பழுதென்றால் பெரும்பாலும் பட்டியலில் இடமில்லை. சிகிச்சைக்குப் பிறகு மாதக்கணக்கில் மருத்துவமனைக்குக் கிட்ட இருக்கவேணும், கூடவே இருந்து பார்க்க ஒருவர் வேணும், வாழ்நாள் முழுக்க மருந்து எடுக்கவேணும்.

நுரையீரல்கள் குறைவாகவே கிடைப்பதால் இந்த நிபந்தனைகளுக்கு மருத்துவக் காரணம் இருக்கிறது. ஆனால் சமமில்லாத வாழ்க்கைகளுக்கு ஒரே விதியை வைத்தால் முடிவும் சமமாக இருக்காது. அறுவைச் சிகிச்சைக்கு ஹெல்த் கார்ட் போதும். கூட இருந்து பார்ப்பதற்கு வேலையை விட்டு வரும் மகளின் வாடகையை அந்தக் கார்ட் கட்டுமா?

மூன்றாவது கேள்வியைத்தான் நாங்கள் அதிகம் மறந்துவிட்டோம். பொருத்திய உறுப்பை உடம்பு நிராகரிக்காமலிருக்க நோயெதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கவேணும். அதனால் தடுப்பூசியும் அவர்களுக்கு முழுமையாக வேலை செய்வதில்லை. 2021இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களைப் பரிசோதித்தபோது, இரண்டு ஊசிக்குப் பிறகும் 54 வீதமானோரிடம்தான் எதிர்ப்பொருள் இருந்தது. 2022 மார்ச்சில் ஒன்ராறியோ பெரும்பாலான இடங்களில் மாஸ்க் கட்டாயத்தை எடுத்தது. அடுத்த கூட்டங்களில் நாங்களும் எடுத்துவிட்டோம். "எல்லாரும் வாங்கோ" என்று போஸ்டரில் போட்டுவிட்டு, காற்றோட்டமில்லாத அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் நடத்தினால் அந்த "எல்லாரும்" யார்?

ஆகவே மூன்று வேலைகள்.

ஒன்று: சம்பளத்துடன் 10 நாள் சுகவீன லீவு எல்லாத் தொழிலாளருக்கும் வேணும். ஏஜென்சித் தொழிலாளருக்கும் சேர்த்துத்தான். அடுத்த பெருந்தொற்று வரும்வரை காத்திருக்க ஏலாது.

இரண்டு: எங்கட கூட்டங்களில் மாஸ்க்கும் திறந்த யன்னலும் வழக்கமாகட்டும். இதுக்கு எந்த அரசின் அனுமதியும் தேவையில்லை.

மூன்று: உறுப்புத் தானத்துக்குப் பதிவு செய்யுங்கோ, வீட்டிலும் சொல்லி வையுங்கோ. கடைசி நேரத்தில் மருத்துவமனை கேட்கப்போவது உங்கட அம்மா அப்பாவிடம்தான். இது தனிநபர் தர்மம், அரசியல் இல்லை என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த நாட்டில் சட்டப்படி விற்கவும் வாங்கவும் முடியாத சில விசயங்களில் மனித உறுப்பும் ஒன்று. முகம் தெரியாத ஒருவருக்குத் தேவை என்பதற்காக, விலையில்லாமல் கொடுப்பது. நாங்கள் கட்ட நினைக்கும் சமூகத்தின் விதியும் அதுதானே.

ஆனால் கொடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. சித்தி காய்ச்சலோடு வேலைக்குப் போகத் தேவையில்லாத ஒரு நகரத்தில், மாற்று நுரையீரல் தேவைப்படுவோரின் வரிசையும் குறையும்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக