ஜன்னல் கதவு மக்கர் செய்தால்...

"இந்த வாரம் ஜன்னல் கதவைப் பற்றி எழுதப் போகிறேன்" என்று காரியாலயத்தில் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உலகத்தில் வேறு விஷயமே அகப்படவில்லையா, ஸார்?" என்றார்.

அவருடைய வீடு சென்னையில் மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் திறக்கும், மூடினால் மூடும். கோவில்பட்டிப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். கார்த்திகையில் மூடிய கதவு திறக்காது. சித்திரையிலோ மூடின பிறகும் விரல் நுழைகிற சந்து இருக்கும். அதன் வழியாகக் கரிசல் புழுதி தாராளமாக வந்து சோற்றுப் பானையில் உட்காரும்.

என் அத்தை கோவில்பட்டியில் தனியாகக் குடியிருக்கிறாள். வயது எழுபதுக்கு மேல். மூன்று வருஷத்துக்கு முன்பு, நல்ல அடைமழைக் காலத்தில், ஒரு நாள் விடியற்காலை அடுப்படிக்குள் போனவளுக்குக் குப்பென்று காஸ் வாடை அடித்திருக்கிறது. ரப்பர் குழாயில் எங்கேயோ கசிவு. அத்தை கெட்டிக்காரி. விளக்கு ஸ்விட்சைத் தொடவில்லை. ரெகுலேட்டரைத் திருகி மூடினாள். பிறகு ஜன்னலைத் திறக்கப் போனாள். அது அசையவில்லை! கையால் குத்தினாள், தோளால் இடித்தாள். கடைசியில் அம்மிக் குழவியைத் தூக்கி வந்து இரண்டு போடு போட்டபின்தான் ஒரு பக்கத்துக் கதவு கீலோடு பிய்ந்து வெளியே விழுந்தது. (காஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். ஆகவே ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, புறவாசல் கதவையும் திறக்க வேண்டும் என்பதை இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன்.)

சேதி கேட்டு ஓடினேன். அத்தை என்னைக் கண்டதும், "ஏய்யா, நான் நல்லாத்தான் இருக்கேன். அந்த ஜன்னலைப் போய்ப் பாரு. வருஷா வருஷம் இதே ரோதனைதான்" என்றாள்.

வருஷா வருஷம் என்ன நடந்தது என்று விசாரித்தேன். கார்த்திகையில் கதவு இறுகும். தெருக்கோடித் தச்சர் வந்து இழைப்புளியால் இரண்டு இழைப்பு இழைத்துவிட்டுப் போவார். பங்குனியில் சந்து விழும். அத்தை பழைய புடவைக் கிழிசலைச் சுருட்டி அடைப்பாள். மறு கார்த்திகையில் மறுபடியும் இறுகும், மறுபடியும் இழைப்பு. ஐந்தாறு வருஷத்தில் கதவின் ஒரு பக்கத்துச் சட்டம் பாதியாகத் தேய்ந்திருந்தது.

இந்தத் தடவை வேறொரு முதிய ஆசாரியை அழைத்து வந்தேன். அவர் கதவைப் பார்க்கவே இல்லை. பையிலிருந்து ஒரு நூலை எடுத்து, ஜன்னல் நிலையின் மேல் மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்துக் கீழ் மூலைக்குப் பிடித்து முடிச்சுப் போட்டார். அதே நூலை மற்ற இரண்டு மூலைகளுக்கும் பிடித்தார். முடிச்சு முக்கால் அங்குலம் தள்ளி நின்றது.

"ஆச்சி, கதவு மேல குத்தமில்ல. வீடுல்ல கோணிப் போச்சு" என்றார்.

அந்த நூல் வித்தையை ஒவ்வொரு வீட்டிலும் இன்றைக்கே செய்து பார்க்கலாம். நிலை சதுரமாக இருந்தால் மூலைக்கு மூலை இரண்டு அளவும் ஒன்றாக இருக்கும். அளவு ஒன்றாக இருந்தும் கதவு இறுகினால், மரம் ஈரத்தில் ஊதியிருக்கிறது. அது தச்சர் காரியம். அளவு வித்தியாசப்பட்டால், அதுவும் மழைக்கு ஒரு விதமாகவும் வெயிலுக்கு ஒரு விதமாகவும் மாறிக்கொண்டிருந்தால், தச்சரைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை. காரணம் தரைக்குக் கீழே இருக்கிறது.

கரிசல் மண்ணின் குணம் அப்படி. தண்ணீரைக் குடித்தால் பெருக்கும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் காட்டில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அதே சங்கதி நம் அஸ்திவாரத்துக்குக் கீழேயும் நடக்கிறது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவர் ஓரத்து மண் முதலில் நனைந்து உப்பும். வீட்டின் நடுவே தரைக்கு அடியில் உள்ள மண் காய்ந்தபடியே கிடக்கும். சுவர் ஒரு பக்கம் தூக்கும், கோடையில் இறங்கும். சுவர் நகரும்போது நிலையும் சாய்ந்து கோணுகிறது. பாவம், கதவு என்ன செய்யும்? இது நமக்கு மட்டும் வாய்த்த கஷ்டமல்ல. 1976ஆம் வருஷத்து வறட்சியில் இங்கிலாந்தின் தென்பகுதியில் களிமண் சுருங்கி, ஏராளமான வீடுகளில் சுவர் வெடித்து, இன்ஷூரன்ஸ்காரர்கள் திண்டாடிப் போனார்கள்.

அத்தை வீட்டு அடுப்படி மூலையைச் சுற்றி வந்து பார்த்தோம். மொட்டை மாடித் தண்ணீர் இறங்குகிற குழாய் பாதியில் உடைந்து, மழைத் தண்ணீர் முழுவதும் சுவரின் காலடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. கொத்தனாரைக் கொண்டு குழாயைச் சீராக்கித் தண்ணீரை வாறுகாலுக்குத் திருப்பினோம். சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு மேல் கரிசலை வெட்டி எடுத்துவிட்டுச் சரளை மண் கொட்டி இறுக்கி, வெளிப்புறம் சரிவாகத் தளம் போட்டோம். துவைகல்லையும் சுவரைவிட்டுத் தள்ளி வைத்தோம். புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் இந்த மண்ணுக்கென்றே, அடியில் குமிழ் போல விரிந்த கான்கிரீட் தூண்களை ஆழமாக இறக்கி, அவற்றின் மேல் வீட்டைத் தாங்கச் செய்யும் முறையை வகுத்திருக்கிறார்கள். என்ஜினீயரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். ஜன்னலுக்காக இவ்வளவா என்று அவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

சரி, மண்ணை அடக்கியாயிற்று. இனிமேல் கதவு.

கடையில் ஆயத்தமாக விற்கும் கதவை வாங்கி நம் ஜன்னலில் மாட்டுவது, அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போடுவது போன்றது. கரிசல் வீட்டில் எதிரெதிர் ஜன்னல்கள்கூட ஒரே அளவாக இருப்பதில்லை. ஒவ்வொரு நிலையையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அகலம் அளந்து, மூலைக்கு மூலையும் அளந்து, தனித்தனியாகக் குறித்துக் கொடுங்கள். கதவுக்கும் நிலைக்கும் நடுவே சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். புதுக் கதவு கச்சிதமாகப் பொருந்தினால்தான் நமக்குத் திருப்தி. ஆனால் இந்த ஊரில் ரொம்பக் கச்சிதம் ஆபத்து. சந்தை மறைக்க உட்புறம் ஒரு மெல்லிய பட்டை அடித்துக் கொண்டால் புழுதி வராது.

எந்த ஜன்னலுக்கு எந்தக் கதவு என்பதிலும் யோசனை வேண்டும். வடக்கு ஜன்னல் எப்போதும் குளிர்ச்சி என்று இங்கிலீஷ் புத்தகங்களைப் பார்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கோவில்பட்டி, பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. தமிழ் வருஷப் பிறப்பை ஒட்டிச் சூரியன் நடுப்பகலில் நேர் தலைக்கு மேல் வந்துவிடுகிறது. அப்புறம் ஆவணி நடு வரை வடக்கே தள்ளியே நிற்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் உச்சி வெயில் விழுவது வடக்குச் சுவரில்தான்! ஆகவே வடக்கு ஜன்னலுக்கு மேலே வெயில் மறைப்பு அவசியம். மேற்கு ஜன்னலுக்கோ கனமான முழுப் பலகைக் கதவே வேண்டும். சாயங்கால வெயில் ஒரு பக்கம். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் புறப்பட்டு வருகிற காற்று இன்னொரு பக்கம். கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று அது. நம் கதவை விட்டு வைக்குமா?

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கட்டிய வீடுகளில் சாய்ந்த பட்டைகள் அடுக்கிய கதவுகளைப் பார்த்து எனக்கும் ஆசை வந்ததுண்டு. மூடினாலும் காற்று வரும். பார்க்க வெகு லட்சணம். கடற்கரைக்கு அது சரி. கரிசல் காட்டில் ஒவ்வொரு பட்டையும் புழுதிக்கு ஒரு திண்ணை. தினமும் துடைக்க ஆள் இருந்தால் போட்டுக் கொள்ளுங்கள்.

என் ஓட்டு, நம் பழைய நாலு கதவு ஜன்னலுக்குத்தான். கீழ் ஜோடியைச் சாத்திவிட்டு மேல் ஜோடியைத் திறந்தால், தெருவில் போகிறவர் கண்ணும் உள்ளே வராது, சூடான காற்றும் மேலே வெளியேறிவிடும். ஒவ்வொரு கதவும் சிறியது. காற்று பிடித்து இழுத்தாலும் கீல் தாங்கும். நிலை கொஞ்சம் கோணினாலும் ஒற்றைப் பெரிய கதவு இறுகுகிற அளவுக்கு இது இறுகாது.

மரம்? கரிசலில் பலகைக்கு ஆகிற மரம் அதிகம் விளைவதில்லை. தேக்கு, நனைந்தாலும் காய்ந்தாலும் மற்ற மரங்களைப்போல் அதிகம் அசையாது. அதனால்தான் அதற்கு அந்த விலை. ஆனால் தேக்கு என்ற பெயரைக் கேட்டே பணத்தை எண்ணி வைத்துவிடக் கூடாது. ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் இளம் தோட்டத் தேக்கு இறக்குமதியாகிறது. அதில் வெளிறின வெளிமரம் ஜாஸ்தி. கறையானுக்கு அது அல்வா. பழுப்புநிற வைரப் பகுதியாகப் பார்த்து எடுங்கள். வசதி குறைவானவர்கள் நன்றாகக் காய்ந்த வேப்பம் பலகையில் செய்யலாம். ஒரு குறையும் இல்லை. எதுவானாலும், சட்டத்தின் காடிக்குள் நடுப்பலகை ஆணியோ பசையோ இல்லாமல் சும்மா சொருகி நிற்க வேண்டும். மரம் அகலவாட்டில்தான் ஊதுகிறது, நீளவாட்டில் அல்ல. ஊத இடம் கொடுக்காமல் அறைந்துவிட்டால் பலகை பிளக்கும்.

அலுமினியம் எப்படி என்று கேட்கிறீர்களா? ஊதாது, கறையான் தின்னாது. ஆனால் இழுத்து மூடுகிற தினுசில் அடித் தடத்தில் புழுதி அடைந்துகொள்ளும். நிலை கோணினால் அதுவும் மக்கர்தான். மரக் கதவையாவது இழைக்கலாம்.

பராமரிப்பைப் பற்றிக் கொஞ்சம். புழுதியை ஈரத் துணியால் துடைக்காதீர்கள். சேறாகி வர்ணத்தைத் தேய்க்கும். முதலில் உலர்ந்த பிரஷ், பிறகுதான் ஈரம். கீலுக்குத் தேங்காயெண்ணெய் விடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது புழுதியோடு சேர்ந்து பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். கதவு எந்த இடத்தில் உரசுகிறது என்று தெரியவில்லையா? ஓரத்தில் சாக்கட்டியைத் தேய்த்து மூடித் திறந்தால், நிலையில் வெள்ளை ஒட்டின இடம் காட்டிக் கொடுத்துவிடும். லேசான உரசலானால் மெழுகுவத்தியைத் தேய்த்தாலே போதும். இழைப்புளி கடைசியில்தான், அதுவும் மழைக்காலத்தில் வேண்டாம். கார்த்திகையில் பென்சிலால் குறித்து வையுங்கள். மாசியிலும் உரசுகிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம்.

வர்ணம் பூச மாசி, பங்குனி உகந்தது. மழை ஈரம் போயிருக்கும். காற்றுப் புழுதி ஆரம்பித்திருக்காது. அநேகமாகப் பெயிண்டர்கள் கண்ணுக்குத் தெரிகிற இரண்டு பக்கத்தைப் பூசிவிட்டுக் கூலி வாங்கிக் கொண்டு போய்விடுகிறார்கள். கதவின் உச்சியும் அடியும் வெறும் மரமாகவே இருக்கும். தண்ணீர் உள்ளே போவது அந்த வெட்டு முனை வழியாகத்தான். கதவைக் கழற்றி அடியைப் பூசச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். மழைக்கு முன்பு நிலையின் காலில் கறையான் மண்கோடு ஏறியிருக்கிறதா என்றும் ஒரு நோட்டம் விட வேண்டும்.

கீல் தளர்வதற்கு இன்னொரு முக்கியமான காரணம், குழந்தைகள் கதவில் ஏறி ஆடுவது. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்து 2021இல் காலமான கி. ராஜநாராயணன் அவர்களின் 'கதவு' என்ற சிறுகதையை வாசித்திருப்பீர்கள். குழந்தைகள் ஏறி விளையாடுகிற கதவைத் தீர்வை பாக்கிக்காகக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதைப் படித்த பிறகு, கதவில் ஆடுகிற குழந்தையை அதட்ட எனக்கு வாய் வருவதில்லை. உயரமான கதவுக்கு இரண்டு கீலுக்குப் பதில் மூன்றாக வைத்துவிடுவதே உத்தமம்.

அத்தை வீட்டில் இப்போது வேப்பம் பலகையில் நாலு கதவு ஜன்னல் மாட்டியிருக்கிறது. சென்ற கார்த்திகையில் போயிருந்தபோது நூலைப் பிடித்துப் பார்த்தேன். வித்தியாசம் கால் அங்குலம்கூட இல்லை. கீழ்க் கதவு ஒன்று மட்டும் லேசாக உரசியது. மெழுகுவத்தியைத் தேடினேன்.

"அது கிடக்கட்டும்யா, இருட்டும் முன்னே காப்பியைக் குடி" என்று அத்தை ஒரு விரலால் கதவைத் தள்ளித் திறந்தாள். அம்மிக் குழவி ஜன்னலுக்கு அடியில்தான் இருக்கிறது. எதற்கும் இருக்கட்டுமாம்.