வந்த ஊரும் வளர்த்த கல்வியும்

கல்வியினால் வரும் பயன் யாது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் ஒரே விடைதான் கூறுவோம்: வேலை. அவ்விடையை இகழ்வதற்கில்லை. பிழைப்பைத் தேடி எல்லை கடந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நாம். காசின் அருமை நமக்குத் தெரியும். ஆயினும், வேலையோடு முடிந்துவிடும் கல்வி நம்மைப் போன்றோர்க்குப் பாதிக் கல்வியே என்பது என் கருத்து. மறுபாதி எது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

கரமனையை அறியாத தமிழ் மாணவர் நம்மிடையே இரார். கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவைக் கடந்து கிள்ளிப்பாலம் தாண்டினால், ஆற்றங்கரையில் இருப்பது நம் கரமனை. நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையும் அவ்வழியேதான் போகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் மாநிலங்கள் பிரியும்வரை, நாஞ்சில் நாடும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. ஆகவே, நாஞ்சில் நாட்டார்க்கு இது அயலூர் அன்று; தலைநகர். கோயில் பணிக்கும் அரசுப் பணிக்கும் வந்தவர் உண்டு. கடை வைக்க வந்தவர் உண்டு. மூட்டை சுமக்க வந்தவரும் உண்டு. எல்லைக்கோடு ஒரே நாளில் மாறியது, வயிற்றுப்பாடு மாறவில்லை. ஆதலால் வருகையும் நிற்கவில்லை.

அவ்வாறு பின்னாளில் நெல்லைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து, சாலையில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுத அமர்ந்தவர் என் தந்தையார். தாயாருக்கு மலையாள எழுத்துத் தெரியாது. மின்கட்டணச் சீட்டோ, ரேஷன் அட்டையோ, மருத்துவமனைச் சீட்டோ, எதுவாயினும் எட்டு வயதில் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். வீட்டிற்கு நானே மொழிபெயர்ப்பாளன். சிலவேளை நானே வழக்கறிஞன்! பள்ளியிலோ, என் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டுமே இருந்தது. வகுப்பில் நான் 'பாண்டி'. கோடை விடுமுறையில் பாட்டி ஊருக்குப் போனால் அங்கே 'மலையாளத்தான்'. இரண்டு ஊருக்கும் அயலாராக வளர்ந்தவர் நம்மில் எத்தனை பேர்!

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும், "கடையிலே உட்காரட்டும், கணக்குத் தெரிஞ்சா போதாதா?" என்றார் தந்தையார். தாயார் இணங்கவில்லை. "இதுல என்ன எழுதியிருக்குன்னு ஊராரைக் கேட்டுக் கேட்டு நான் நின்னது போதும். அவன் படிக்கட்டும்" என்றார். வேலை கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுத்தறியாமையால் வரும் தலைகுனிவு தம்மோடு ஒழிய வேண்டும் என்றே சொன்னார். கல்வியின் மறுபாதி அதுதான். தானும் தன்னைச் சார்ந்தோரும் நிமிர்ந்து நிற்கச் செய்வதே அது.

இவ்வழியில் நமக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1855-ல் ஆலப்புழையில், குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் பேராசிரியர் சுந்தரனார். திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த அவர், 1891-ல் 'மனோன்மணீயம்' என்னும் நாடகத்தைத் தமிழுக்குத் தந்தார். அதே அறிஞர் கல்வெட்டுகளை ஆராய்ந்து, திருவிதாங்கூரின் பழைய மன்னர்களைப் பற்றியும் எழுதினார். வீட்டு மொழிக்கு ஒரு நாடகம்; வாழ்வளித்த நாட்டிற்கு ஒரு வரலாறு! நாற்பத்திரண்டு வயதிற்குள் இரண்டு கடனையும் தீர்த்துச் சென்றார் அவர்.

பேராசிரியர்க்குத்தான் அது இயலும் என்று எண்ண வேண்டா. ஆ. மாதவன் மலையாள வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவர். சாலைத் தெருவில் கடை நடத்தியவர். அத்தெருவின் மக்களையே தமிழ்க் கதைகளில் நடமாட விட்டார். 2015-ல் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது. 2007-ல் அவ்விருதைப் பெற்ற நீல பத்மநாபன், கேரள மின்சார வாரியத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். தமிழிலும் மலையாளத்திலும் எழுதியவர். தராசும் மின்கம்பியும் தமிழுக்குத் தடையாக நிற்கவில்லை.

"தமிழ் சோறு போடுமா? தேர்வாணையத் தேர்வுக்கு மலையாளமும் ஆங்கிலமும் போதுமே" என்பார் சிலர். "நாம் தமிழர், மலையாளம் எதற்கு?" என்பார் வேறு சிலர். இரு சாராரும் ஒற்றைக் காலில் நடக்கச் சொல்கின்றனர். மலையாளம் அறியாதவன் இவ்வூர் அலுவலகங்களின் படியில் காத்து நிற்பான். என் தாயார் நின்றதை நான் கண்டிருக்கிறேன். தமிழ் எழுத அறியாதவனோ, தனக்கென வகுக்கப்பட்ட உரிமையையே இழப்பான். தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350-அ பிரிவு. இங்குள்ள தமிழர் தலைமைச் செயலகத்திற்குத் தமிழிலேயே எழுதலாம் என்கிறது கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம். ஆனால், எழுதத் தெரிந்தவர் எங்கே? வீட்டில் தமிழ் பேசி, பெயரைக்கூடத் தமிழில் எழுத இயலாத சிறுவர் கரமனைத் தெருக்களில் பலர். அவர்களுக்கு அச்சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தானே?

சட்டம் இருக்கிறது, சிறுவர் இருக்கின்றனர், இடையில் ஒரு படி இல்லை. அப்படியை அமைக்க வேண்டியவர் படித்த நாமே. நம் பேரவை ஆண்டுக்கு ஒருமுறை பொங்கல் விழா எடுக்கிறது. மாலையும் மேளமும் வேண்டியவையே. அத்துடன், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் கரமனையில் ஒரு வகுப்பு நடத்தினால் என்ன? முதல் மணியில் சிறுவர்க்குத் தமிழ் எழுத்து. இரண்டாம் மணியில், புதிதாக வந்த தாய்மார்க்கு மலையாள எழுத்து. ஒரு திண்ணையும் ஒரு கரும்பலகையும் போதும். பத்து மாணவர் முறைவைத்துச் சென்றால் எவர் படிப்பும் கெடாது.

தோழர்களே, நம் பெற்றோர் மூட்டை முடிச்சோடு எல்லையைக் கடந்தனர். நாம் கடக்க வேண்டியது கல்லூரி வாயிலிலிருந்து கரமனைத் தெருவரை உள்ள சிறு தொலைவே. வருகிற ஞாயிறன்றே தொடங்குவோம். வருவோர் பேரவைச் செயலாளரிடம் பெயர் தருக.