கக்குவானும் கைம்மருந்தும்

சென்ற கோடை விடுமுறையில் யாம் தேவதானப்பட்டியில் எம் பாட்டியார் இல்லத்தே தங்கியிருந்த காலை, அண்டை வீட்டுச் சிறுவனொருவன் இராப்பொழுதெல்லாம் இருமக் கேட்டோம். ஒரே மூச்சிற் பத்துப் பன்னிரண்டு முறை இருமி, முகஞ் சிவந்து, கண் பிதுங்கி, ஈற்றிற் ‘கூ’வென்னும் ஒலியோடு மூச்சை உள்ளிழுத்து, உண்டதனைத்தையுங் கக்கிவிடுவான். “இது கக்குவான்” என்று எம் பாட்டியார் திண்ணையிலிருந்தபடியே கூறினார். பின்னர் மருத்துவர் கூறியதும் அதுவே.

ஆங்கிலேயர் இந்நோய்க்கு ஒலியாற் பெயரிட்டனர். சீனர் நாளால் ‘நூறு நாள் இருமல்’ என்றனர். நம்மனோர் கக்குதலாற் கக்குவான் என்றனர். இம்மூன்றனுள் நம் பெயரே சாலச் சிறந்ததென்பது எமது கொள்கை. தமிழ் மாணவராதலின் இங்ஙனங் கூறுகின்றோமென்று நண்பர்கள் நகைக்க வேண்டா. ஆறு திங்கள் நிரம்பாத குழவி பெரும்பாலும் ‘கூ’வென ஒலிப்பதில்லை, சிற்சில வேளை நன்கு இருமுவதுமில்லை. மூச்சே சற்று நின்று உதடு நீலம் பாய்ந்துவிடும். ஒலி கேட்கட்டுமென்று காத்திருக்குந் தாய் ஏமாறுவாள். நீலங் கண்டவுடன் மருத்துவமனைக்கு ஓடுதலே செயற்பாலது.

இந்நோயின் கிருமியைப் போர்டே, ழாங்கு என்னும் பெல்சிய அறிஞர் இருவர் 1906-இல் வெளியிட்டனர். முதலிரு வாரங்களில் இது வெறுஞ் சளியே போலத் தோன்றும்; பிறரைப் பற்றுதற்கு மிக வல்லதும் அப்பொழுதே. அசித்ரோமைசின் போன்ற மருந்தும் அப்பொழுதே நோயைத் தணிக்கும். பிந்தினால் பிறர்க்குப் பரவாமற் காக்குமேயன்றி இருமலை விரைந்து நிறுத்தாது.

ஆடாதோடை, தூதுவளை, அதிமதுரம் என்பவற்றை இகழ்வது எமது நோக்கமன்று. ஆடாதோடையிலுள்ள வாசிசினைத் தழுவியே ‘புரோம்எக்சின்’ என்னுஞ் சளிமருந்து ஆக்கப்பட்டது. ஆயினும் இவை கக்குவான் கிருமியைக் கொல்லுமென நம்பி நாட்போக்கலாகாது. வீட்டார் செய்யத்தக்கன வேறு. அடுப்புப் புகையும் பீடிப் புகையும் அணுகவிடாமை. இருமும்போது பிள்ளையை நிமிர்த்தி முன்சாய்த்து அமர்த்துதல். கக்கியபின் சற்றுப் பொறுத்துக் கஞ்சியைச் சிறிது சிறிதாக ஊட்டுதல். ஓராண்டு கடந்த பிள்ளைக்குச் சிறிது தேனுந் தரலாம். அவ்வயது நிரம்பாத குழவிக்கோ தேன் ஆகவே ஆகாது. அதனுட் கிடக்கக்கூடிய ஒரு நச்சுக் கிருமியின் வித்துக் குடலில் முளைத்து உடலைச் செயலறச் செய்துவிடும். மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் அதனினுங் கொடிது. எண்ணெய் நுரையீரலிற் புகுந்து அழற்சியை விளைக்கும். தெருவிற் சங்களவாக விற்குங் கழுதைப்பாலை மருந்தென்று வாங்குவோர் இன்றும் உளர். அது காய்ச்சாத பாலென்பதைத் தவிர அதன்கண் வேறு சிறப்பை யாம் கண்டிலம்.

அச்சிறுவன் ஒன்றரை வயதில் இடவேண்டிய ஊசியைத் தவறவிட்டவன். முன்னையதாற் காய்ச்சல் வந்ததென்று அவன் தாய் அஞ்சினாளாம். ஓரிரு நாட் காய்ச்சலுக்கு அஞ்சி, வாரக்கணக்கில் நிற்கும் இருமலை விலைக்கு வாங்கியவாறாயிற்று. அதனினுங் கவலைக்குரியது, அவ்வீட்டுத் தொட்டிலில் முப்பது நாட் பெண்குழவியொன்று கிடந்தமையே. நாற்பத்தைந்தாம் நாள் ஊசிக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தன. மருத்துவர் வீட்டாரனைவர்க்கும் மருந்தளித்தார். சிறுவன் எம் பாட்டியார் திண்ணைக்குக் குடிபெயர்ந்தான். பிள்ளை பார்க்க வந்த உறவினரைப் பாட்டியார் வாயிலிலேயே மறித்தார். ஒருவர் சினந்தார். “மூங்கிலணைக் காமாட்சியைச் சாத்திய கதவுக்கு முன் நின்றே கும்பிடுகிறீர்களே, பிள்ளையை வெளியே நின்று வாழ்த்தினால் என்ன குறைந்துபோகும்?” என்றார் பாட்டியார். வந்தவர் வாய்மூடித் திரும்பினார்.

குழவிக்கு ஊசியிட்ட மறுநாள் யாம் கல்லூரிக்குப் புறப்பட்டோம். பேருந்துக்கு நின்ற பொழுதும் திண்ணையில் அச்சிறுவனின் இருமல் கேட்டது, தொட்டிலில் இருமலில்லை.