கணினியில் தோன்றும் எச்சரிக்கைகள்

சிட்டா நகலைக் கணினியில் தேடும் நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. விண்டோஸ் பயர்வாலின் மெய்யான அறிவிப்பானது, வெளித்தொடர்பை ஏற்க விரும்பும் மென்பொருளின் பெயரைக் கூறி அனுமதி கேட்கும், அவ்வளவே. அறியாத பெயராயின் மறுத்துவிடுதலே உசிதம். 'வைரஸ் புகுந்துவிட்டது' என்று அலறித் தொலைபேசி எண்ணும் தருவது பயர்வால் அன்று, வெறும் விளம்பரமே. மைக்ரோசாப்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இராது. அவ்வெண்ணைக் கூப்பிட்டவர் பயிர்க்கடன் பணம் முழுவதையும் இழக்கக்கூடும்.

தேடலில் முதலில் நிற்கும் முகவரியும் பல சமயங்களில் பணம் கொடுத்துப் பிடித்த இடமே. ஆகவே விளம்பரத் தடுப்பான் அவசியம் என்பது எமது அபிப்பிராயம். அது பத்திரிகைகளின் வருமானத்தைக் கெடுக்கும் என்பர் சிலர். நியாயந்தான், அத்தளங்களுக்கு விலக்களிக்கலாம். அமெரிக்காவின் எப்.பி.ஐ. இலாகாவே 2022 டிசம்பரில் தடுப்பானைச் சிபாரிசு செய்திருக்கிறது. பயர்பாக்ஸில் யுபிளாக் ஆரிஜின் இலவசமாகவே கிடைக்கும்.