முளையிலே தெரியுமா?

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம்மவர் நாவில் நாள்தோறும் வழங்கும் பழமொழி. மாணவன் ஒருவன் வகுப்பில் முதலாவதாக வந்தால் அதனைச் சொல்லுகிறோம்; கடைசியாக வந்தாலும், சற்றே வேறு குரலில், அதனையே சொல்லுகிறோம். நெடுங்காலம் ஆசிரியத் தொழில் பார்த்த நானும் இப்பழமொழியை எத்தனையோ பிள்ளைகளின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறேன். அதன்மீது எனக்கு முதன்முதலாக ஐயம் பிறந்தது வகுப்பறையில் அன்று. பனிக்கட்டித் தளத்தின்மீது ஆடப்படும் ஐஸ் ஹொக்கி விளையாட்டினால் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைத்தபின் மேலே படிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

என் தமக்கையின் மகன் ரொறன்ரோ நகரிலே வாழ்பவன். அந்நகரத்தார்க்கு ஹொக்கி ஒரு விளையாட்டு மட்டுமன்று, ஏறக்குறைய ஒரு வழிபாடு. அவனும் அவன் நண்பர்களுமாகப் பன்னிருவர் சேர்ந்து ஒரு கற்பனைப் போட்டி நடத்துகிறார்கள். ஒருவர் விலகிச் சென்றபோது, ஓய்வு பெற்றுச் சும்மா இருக்கும் மாமனை அந்த இடத்தில் அமர்த்திவிட்டான். ஒவ்வொருவரும் மெய்யான வீரர்களின் பெயர்களைக் கொண்டு ஓர் அணி அமைக்க வேண்டும். அவ்வீரர் களத்திலே கோல் போட்டால், அல்லது கோலுக்கு வட்டைத் தள்ளிக் கொடுத்தால், நம் கணக்கிலே புள்ளி ஏறும். ஆடுபவர் அவர், வெல்பவரும் தோற்பவரும் நாம். வருடந்தோறும், மெய்யான கழகங்கள் பதினெட்டு வயது இளைஞரைத் தெரிந்தெடுத்து முடிந்ததும், நாங்களும் அவர்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வோம். அங்கே இரவு ஒன்பது மணி; இங்கே எனக்குக் காலை ஆறரை. தேநீரும் தொலைபேசியுமாக அமர்ந்து, நான் ஒருபோதும் நேரிற் கண்டிராத பிள்ளைகளின் எதிர்காலத்தை நிர்ணயிப்பேன்!

தேசிய ஹொக்கி லீக்கின் இந்தத் தெரிவுமுறை 1963ஆம் ஆண்டு யூன் 5ஆம் திகதி மொன்றியல் நகரில் தொடங்கியது. அன்றிருந்த கழகங்கள் ஆறு, தெரிவானோர் இருபத்தொருவர். இப்பொழுது முப்பத்திரண்டு கழகங்கள் ஏழு சுற்றுக்களில் இருநூறுக்கு மேற்பட்டோரைத் தெரிகின்றன. 1974இல் இத்தெரிவு தொலைபேசி மூலமே நடைபெற்றது. அதன் மந்த கதியில் சலிப்புற்ற பஃபலோ கழகத்து முகாமையாளர் பஞ்ச் இம்லாக், டாரோ சுஜிமோட்டோ என்ற ஜப்பானிய வீரரை 183ஆவது இடத்தில் தெரிந்தார். அப்படி ஒருவர் உலகிலேயே இல்லை என்பது பின்னரே வெளியாயிற்று. மெய்யான தெரிவிலே கற்பனை வீரன் ஒருவன் புகுந்த கதை இது. ஆனால் நான் எண்ணிப் பார்க்கையில், தெரியப்படும் ஒவ்வொரு பையனும் ஒருவகையிற் கற்பனை வீரனே. நாம் தெரிவது இன்று நிற்கும் பையனையன்று. அவனிடமிருந்து நம் மனம் வரைந்துகொண்ட இருபத்தைந்து வயது மனிதனை.

அக்கற்பனை பிழைத்தால் பழி யாருக்கு? இங்கேதான் என் வழக்குத் தொடங்குகிறது.

1993இல் ஒட்டாவாக் கழகம் முதலாவதாகத் தெரிந்தது அலெக்சாந்தர் டேய்க் என்ற இளைஞரை. இரண்டாவதாகத் தெரியப்பட்டவர் கிறிஸ் புரொங்கர். இரண்டாமவர் 2000ஆம் ஆண்டில் லீக்கின் அதிசிறந்த வீரருக்கான விருதைப் பெற்றார். 2015இல் புகழ் மண்டபத்திலும் இடம் பெற்றார். டேய்க்கின் பெயரோ இன்றுவரை 'தோல்வி' என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டாக வழங்குகிறது. அவர் 616 ஆட்டங்கள் ஆடி 327 புள்ளிகள் எடுத்தவர். உலகத்தின் தலைசிறந்த லீக்கிலே அறுநூறு ஆட்டம் ஆடியவன் எப்படித் தோற்றவனாவான்? அவரை 120ஆவதாகத் தெரிந்திருந்தால் இதே கணக்கைக் காட்டிப் புகழ்ந்திருப்பார்கள். ஆகவே தோற்றது ஆட்டமன்று, ஆரூடம். சோதிடன் பிழைவிட்டதற்குச் சாதகக்காரனைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

பிள்ளைகளை மதிப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2015இல் முதலாவதாகத் தெரியப்பட்ட கொனர் மக்டேவிட்டை முளையிலே கண்டுகொள்ளப் பெரிய ஞானம் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அத்தகையோர் ஆண்டுக்கு ஒருவர் இருவரே. ஏனையோரை அளக்கும்போது நாம் அளப்பது எதனை என்பதையாவது அறிந்துகொள்ள வேண்டாமா?

பல வேளைகளில் நாம் அளப்பது பிறந்த நாளை. செப்ரெம்பர் 15ஆம் திகதிக்குள் பதினெட்டு நிரம்புவோரே அவ்வருடத் தெரிவுக்கு உரியவர். ஓஸ்ரன் மத்தியூஸ் பிறந்தது 1997 செப்ரெம்பர் 17. இரண்டே நாளால் 2015ஆம் ஆண்டுத் தெரிவு தவறிற்று; மறு ஆண்டு ரொறன்ரோக் கழகம் அவரை முதலாவதாகத் தெரிந்தது. எல்லைக்கோட்டின் இரு மருங்கிலும் பிறந்த இருவர் ஒரே நாளிற் பிறந்தவர்போல ஒரே பட்டியலில் நிற்பர். உண்மையில் அவர்களிடையே ஏறக்குறைய ஓராண்டு வளர்ச்சி கிடக்கும். கனடாவிலே சிறுவர் அணிகள் சனவரி முதலாம் திகதியை எல்லையாகக் கொண்டு அமைவதால், சனவரியிற் பிறந்த சிறுவன் மார்கழிப் பிள்ளையைவிட உயர்ந்து நிற்பான். நல்ல அணியும் நல்ல பயிற்றுநரும் அவனுக்கே வாய்ப்பர். அந்நாட்டு வீரர்களிலே வருட முற்பகுதியிற் பிறந்தோர் மிகுந்திருப்பதை 1985இலேயே ஆய்வாளர் ரொஜர் பாண்ஸ்லி எடுத்துக்காட்டினார். மாதத்தின் பலனை நாம் திறமை என்று எழுதிக்கொள்கிறோம்.

இன்னும் சில வேளைகளில் நாம் அளப்பது களத்தை. ஒன்ராறியோவின் இளையோர் போட்டியிலே தன் வயதினரோடு ஆடி நூறு புள்ளி குவிப்பவனும், சுவீடனின் முதற்றரப் போட்டியிலே முதிர்ந்த ஆடவர்க்கிடையே சில நிமிடங்கள் ஆடிப் பத்துப் புள்ளி எடுப்பவனும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவர் அல்லர். ஆடும் இடத்துக்கேற்பப் பொறுமையின் கணக்கும் மாறும். முன்வரிசைக்காரன் விரைவில் விளைவான். தற்காப்பு வீரனுக்குக் காலம் வேண்டும். கோல் காப்பாளனுக்கோ மேலும் வேண்டும். ஹென்றிக் லுண்ட்குவிஸ்ட் 2000ஆம் ஆண்டில் 205ஆவதாகத் தெரியப்பட்டார்; லீக்கில் ஆடத் தொடங்கியது 2005இல்; சிறந்த கோல் காப்பாளருக்கான விருது கிடைத்தது 2012இல். நமது ஊர் வடலியைப் பார்த்து இது ஆண்பனையோ பெண்பனையோ என்று எவரும் சொல்வதில்லை. பாளை வரும்வரை காத்திருக்கிறோம். மரத்துக்குக் காட்டும் பொறுமையை மனிதப் பிள்ளைக்கு ஏன் மறுக்கிறோம்?

இவ்வளவும் பேசும் நான் குற்றமற்றவன் அல்லன். 2016இல் 26ஆவதாகத் தெரியப்பட்ட டேஜ் தொம்சன் என்ற நெடிய இளைஞர், 2018இல் பஃபலோ கழகத்துக்கு மாற்றப்பட்டார். அவ்வேளை அவரை என் அணியிற் சேர்த்தேன். முதல் வருடம் அவர் போட்டவை ஏழு கோல்கள். 2021 வசந்தத்தில் முடிந்த பருவத்திலோ எட்டு. "இந்தப் பையன் தேறமாட்டான்" என்று என் கையால் எழுதி அவரை நீக்கினேன். "மாமா, இன்னும் ஒரு வருசம் வைச்சிருங்கோ" என்றான் மருமகன். நான் கேட்கவில்லை. அந்த ஆண்டே பயிற்றுநர் டொன் கிரனாற்றோ அவரைப் பக்கவரிசையிலிருந்து நடுவரிசைக்கு மாற்றினார். அடுத்த பருவத்தில் 38 கோல்கள், அதற்கடுத்ததில் 47! அவற்றின் புள்ளிகளெல்லாம் மருமகன் கணக்கில் ஏறின.

புள்ளி போனது பெரிதன்று. நான் எழுதிய அந்த வாக்கியமே என்னை உறுத்திற்று. இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவரைப் பற்றி எவ்வளவு எளிதாக அதனை எழுதிவிட்டேன்! அவருக்குக் குறைவாக இருந்தது திறமையன்று, தகுந்த இடம். மாணவர் அறிக்கைகளிலே இதே கையால் இதே வாக்கியத்தை எத்தனை முறை எழுதினேன் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். அவர்களுள் எவர் வேறு வரிசையில் அமர வேண்டியவர்களாய் இருந்தார்களோ? அவர்கள் பின்னர் போட்ட கோல்களை எனக்குக் கணக்குக் காட்ட எவரும் இல்லை.

"அணியில் இடம் குறைவு, ஒருவரை நீக்காமல் இன்னொருவரைச் சேர்ப்பது எங்ஙனம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நீக்குவது குற்றமன்று. ஆனால் "என்னிடம் இடமில்லை" என்பது வேறு; "அவனிடம் ஒன்றுமில்லை" என்பது வேறு. முன்னது நம் நிலைமையைச் சொல்வது. பின்னது ஒரு பிள்ளையின் வாழ்வுக்குத் தீர்ப்பெழுதுவது. முன்னதைச் சொல்ல நமக்கு உரிமையுண்டு. பின்னதைச் சொல்வதற்கு, அவன் பிறந்த மாதம், ஆடிய களம், நின்ற இடம், கழிந்த காலம் ஆகிய நான்கையும் பார்த்திருக்க வேண்டும். பார்த்தவர்கள் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள்.

சென்ற தெரிவிலே நான் கோல் காப்பாளன் ஒருவனை எடுத்திருக்கிறேன். மார்கழியிற் பிறந்த பிள்ளை. அவன் பெயருக்கு எதிரே குறிப்பெழுத வேண்டிய இடத்தில் இம்முறை ஒன்றும் எழுதவில்லை. "ஐஞ்சு வருசம் பாப்பம்" என்று மட்டும் மருமகனுக்குச் சொன்னேன். "நீங்கள்தானோ மாமா கதைக்கிறது?" என்று கேட்டுச் சிரித்தான்.