உயிரோடிருத்தல் மட்டும் போதுமா?

நுழையும்முன்

ஒரு பூச்சிக்கொல்லி தேனீக்குத் தீங்கற்றது என்று எப்போது கூறலாம்? தேனீ சாகவில்லை என்றாலா? சாகாத தேனீ தன் கடமையைப் பழுதின்றிச் செய்கிறது என்றாலா? முதல் வினாவோடு நின்றுவிடும் நம் வழக்கத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்யக் கோருகிறது.

இருபத்தொரு நாள் தொட்டில்

வேலைக்காரத் தேனீ ஒன்று முட்டையிலிருந்து முழு உருப்பெற 21 நாள்கள் ஆகின்றன. முட்டையாக மூன்று நாள், புழுவாக ஏறத்தாழ ஆறு நாள்; எஞ்சிய நாள்கள் மெழுகால் மூடிய அறைக்குள் கழிகின்றன. அந்த நாள்களில் அடையின் வெப்பநிலை 33 முதல் 36 டிகிரி செல்சியசுக்குள் இருத்தல் வேண்டும். குளிர்ந்தால், வளர்ந்த தேனீக்கள் பறத்தலுக்குரிய தசைகளை அதிரச் செய்து வெப்பம் ஊட்டுகின்றன. வெம்மை மிகுந்தால், நீர் கொணர்ந்து சிறகால் விசிறுகின்றன.

இத்துணைக் காவல் எதற்கு? செருமனியின் வூர்ட்சுபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூட்டுப்புழுக்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்து, 2003ஆம் ஆண்டு விடை கண்டனர். 32 டிகிரியில் வளர்ந்தவையும் தேனீக்களாகவே வெளிவந்தன. ஆயினும், 36 டிகிரியில் வளர்ந்தவற்றோடு ஒப்பிட, அவை உணவிருக்கும் திசையைத் தோழியர்க்கு உணர்த்தும் நடனத்தைக் குறைவாகவே ஆடின. கற்றலிலும் நினைவாற்றலிலும் பின்தங்கின. தொட்டிலில் நேர்ந்த குறை, பறக்கும் பருவத்தில் வெளிப்பட்டது.

கண்ணுக்குத் தெரியாத இழப்பு

1990களின் தொடக்கத்தில் புழுக்களைக் கொல்லும் தாய் சாக் புரூட் என்னும் நச்சுயிரி நோய் தென்னிந்தியாவில் பரவியபோது, குமரி மாவட்டத்துத் தேனீ வளர்ப்போர் தம் கூட்டங்களைப் பெருமளவில் இழந்தனர். அவ்விழப்பைக் கண்கள் கண்டன. புழு சாகாமல் குறையோடு வளர்ந்தால், அதனைக் காண்பவர் யார்?

பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் தேனீக்களின் முதுகில் நுண்சில்லுகளை ஒட்டி, கொல்லாத அளவில் தயாமெத்தாக்சம் என்னும் மருந்தை ஊட்டினர். வெளியே விடப்பட்ட அவற்றுள் பல கூடு திரும்பவில்லை என்பது 2012இல் வெளியான முடிவு. வெளியே சென்றவை திரும்பாவிடில், இளந்தேனீக்கள் உரிய பருவத்திற்கு முன்பே இரைதேடப் புறப்படுகின்றன. அவையும் விரைவில் மடிகின்றன. இவ்வாறு கூட்டமே குலைகிறது.

நம் கடமை

‘பயிரைக் காக்க மருந்து வேண்டாவா?’ என உழவர் வினவுவது நியாயமே. மருந்தே கூடாது என்பது என் கருத்தன்று. மருந்தை அளக்கும் கோல் மாற வேண்டும் என்பதே என் கருத்து. இறந்தவற்றை எண்ணுவது எளிது, விரைவில் முடிவது. கற்றல், வழியறிதல், புழு வளர்ச்சி ஆகியவற்றை அளப்பதற்கோ பருவங்கள் பல வேண்டும். முனைவர் பட்ட மேலாய்வில் ஈடுபடும் இளைஞர்களே இப்பணியில் பெரும்பகுதியைச் சுமக்கின்றனர். அவர்களுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் குறுகியகாலப் பணி. ஒரு பூக்காலம் பொய்த்தால் ஓராண்டு உழைப்பு வீணாகும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தயாமெத்தாக்சம் உள்ளிட்ட மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. பொறுமையான ஆய்வுகள் பல இன்றி இம்முடிவு பிறந்திராது. எனவே, ஒரு மருந்துக்கு இசைவளிக்கும் முன் ‘தேனீ பிழைத்ததா?’ என்பதோடு ‘பிழைத்த தேனீ வீடு திரும்பியதா?’ என்றும் கேட்போம். அவ்விடைக்காக உழைப்போர்க்குக் காலமும் பொருளும் அளிப்போம். தேனீ வழி தவறினால், காயாகாமல் உதிர்வது நம் தோட்டத்துப் பூவே.